கஞ்சி போட்ட கூடாரம்

நவம்பர் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். மெல்லிய தூறல். காற்று அறவே இல்லை. தாமல் ஏரிக்கு மேலே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிப்பக்கம் போல இருந்தது. அந்த நேரத்தில் நான் நான்காம் எண் கூடாரத்தின் பின்புறம் கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு, சமையல்காரரின் காய் நறுக்கும் கத்தியால் அரசாங்கக் கித்தானை மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பெண் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

அகழாய்வுத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் கூடாரத்தில் தங்கியதே இல்லை என்று கேள்விப்படுகிறேன். காஞ்சிபுரத்தில் லாட்ஜ் அறை, காலையில் வேன், மாலையில் வேன். நல்லதுதான். ஆனால் ஏதாவது ஒரு வருடம் லாட்ஜுக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள். கிடங்கிலிருந்து பழைய கூடாரங்களை லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். அப்போது கூடாரத்துக்குள் மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அந்தக் கவலையில் எழுதுகிறேன். கவலைப்படுவது என் சுபாவம். அதற்குத்தான் சம்பளமும் கொடுத்தார்கள்.

நான் அறிஞன் இல்லை. வணிகவியல் படித்துவிட்டு முகாம் கண்காணிப்பாளராகச் சேர்ந்தவன். முப்பத்தொரு வருடம் அதே வேலை. மண்ணுக்குள்ளிருந்து வருவதெல்லாம் அறிஞர்களுடையது; மண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் என்னுடையது. கூடாரம், கட்டில், வாளி, விளக்கு, அரிசி, அங்கே தூங்குகிற மனிதர்கள். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தபோது வந்தது தாமல் முகாம்.

ஏரிக்கரையை ஒட்டி ஒரு மண்மேடு. அதன் வழியாகச் சாலை போகப்போகிறது. நவம்பர் முடிவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மழைக்காலத்தில் யாரும் தோண்ட மாட்டார்கள். எங்களுக்கு வேறு வழியில்லை. ஏழு கூடாரங்கள், பதினெட்டுப் பேர். அந்தக் கூடாரங்கள் பதினான்கு வருடம் உழைத்தவை. கித்தான் துவண்டு, கூரை கிழவியின் கன்னம் போலத் தொங்கியது. தொங்குகிற இடத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கிய இடத்தை விரலால் தொட்டால் போதும், அங்கிருந்து ஒழுகத் தொடங்கும்.

அக்டோபர் முதல் வாரம், தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. இந்தத் தொங்கல் கூடாரங்களை என்ன செய்வது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது யோசனை சொன்னவர் முனிரத்தினம். மண் சலிக்கிற வேலைக்கு வந்தவர். அதற்கு முன்னால் பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் பாவு தோய்க்கிற வேலையில் இருபது வருடம் இருந்தவர். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயிலில் விறைக்க வைப்பார்களே, அந்த வேலை.

"நூலே நிமிந்து நிக்குது சார். கூடாரம் நிக்காதா?" என்றார்.

எங்கள் ஊரில் இந்தப் பேச்சை எதிர்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. காஞ்சிபுரத்தில் பிறந்தவன் துவண்ட துணியைப் பார்த்தால் அவன் புத்தி நேராகக் கஞ்சிக்குத்தான் போகும். நானும் அந்த ஊர்க்காரன்தான். சமையல்காரர் கன்னியப்பன் இரண்டு அண்டா கஞ்சி காய்ச்சினார். முனிரத்தினம் வீட்டிலிருந்து பாவு தடவுகிற நீண்ட பிரஷ்ஷைக் கொண்டுவந்து, ஏழு கூடாரங்களுக்கும் உள்ளும் புறமும் தடவினார். இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் கூடாரங்கள் புது அட்டைப்பெட்டி போல விறைத்து நின்றன. மேலதிகாரி வந்து சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். மேளம் போலச் சத்தம் வந்தது. மற்ற முகாம்களுக்கும் இதைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அக்டோபரை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. கூடாரத்துக்குள் நுழைந்தால் இஸ்திரி போட்ட வேட்டியின் வாசனை. மாலையில் ஏரிக்காற்று. இருட்டுவதற்குள் எல்லோரும் சமையல் கொட்டகையைச் சுற்றி உட்கார்ந்து, அன்று கிடைத்த பானை ஓட்டில் கீறியிருப்பது மீனா அம்பா என்று சண்டை போடுவார்கள். மீன் என்பவர்களுக்கும் அம்பு என்பவர்களுக்கும் கன்னியப்பன் ஒரே டீயைத்தான் ஊற்றுவார். அந்தச் சண்டையில் கடைசி வார்த்தை எப்போதும் எஸ்தருடையது. அவள் வரைந்து காட்டிவிடுவாள், சண்டை நின்றுவிடும்.

எஸ்தர் வரைபடக்காரி. செய்யாறு பக்கம். இருபத்தாறு வயது. ஒப்பந்த வேலை. குழியின் சுவரில் மண் அடுக்கடுக்காக இருக்கும் அல்லவா, எந்த அடுக்கு எந்தக் காலம் என்று அறிஞர்கள் பிறகு சொல்ல வேண்டுமானால் முதலில் அதை ஒருவர் கண்ணால் பார்த்து அளந்து வரைய வேண்டும். எங்கள் மேட்டில் ஓர் உறைகிணறு கிடைத்திருந்தது. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பழைய கிணறு. அதன் கிழக்குச் சுவரை வரைவது அவள் பொறுப்பு. அவளும் இரண்டு மாணவிகளும் நான்காம் எண் கூடாரத்தில் தங்கியிருந்தார்கள்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. முதலில் வந்தது வாசனை. வேட்டி வாசனை போய், பழைய சோற்றுப் பானையை இரண்டு நாள் மூடி வைத்துத் திறந்த வாசனை. நான் எல்லோரிடமும் சொன்னேன். சார் மூக்கு பென்ஷன் வாங்கறதுக்கு முன்னாடியே ரிடையர் ஆயிடுச்சு என்று கன்னியப்பன் கேலி செய்தார். நவம்பர் பிறந்ததும் கித்தானில் புள்ளிகள் தெரிந்தன. முதலில் சாம்பல், பிறகு கடுகு தாளித்துக் கொட்டியது போலக் கறுப்பு. பெல்ட்டில், செருப்பு வாரில், தலையணையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகப் பொடி பூத்தது. துடைத்தோம். மறுநாள் மறுபடி பூத்தது. மழை உள்ளே வருகிறது என்று எல்லோரும் கதவுக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். ஈரத் துணியைக் காயப்போட இடமில்லாமல் உள்ளேயே கொடி கட்டினார்கள். பாம்புக்குப் பயந்து சுவரின் அடியில் மண்ணை அணைத்தார்கள்.

இதைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் தூங்குகிற கூடாரத்தில் ராத்திரி முழுக்க மூச்சாகவும் ஈரத் துணியாகவும் வெளியேறுகிற தண்ணீர் எங்கே போகும்? கித்தானில்தான் படியும். வெளியே பெய்கிற மழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், உள்ளே பெய்கிற மழை தெரியாது.

ஒன்பதாம் தேதி காலை நான் பல் விளக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். நான்காம் எண்ணுக்குள்ளிருந்து தனலட்சுமி என்ற மாணவியின் குரல் கேட்டது. கதவை அவிழ்க்க முடியவில்லை, அக்காவுக்கு மூச்சு வரவில்லை என்றாள். பருத்திக் கயிறு ஈரத்தில் ஊறினால் முடிச்சு கல்லாகிவிடும். உள்ளிருந்து அவளும் வெளியிலிருந்து நானும் நகத்தால் பிறாண்டினோம். அசையவில்லை. சுவரைத் தூக்கலாமென்றால் அடியில் மண். உள்ளே எஸ்தரின் மூச்சு, ரம்பம் மரத்தில் மாட்டிக்கொண்டது போல இழுத்தது. கன்னியப்பன் அப்போதுதான் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு கூடாரத்தின் பின்பக்கம் ஓடினேன். கூடாரக் கயிறு கட்டுகிற ஒரு முளை குறைந்தால்கூட முகாமை நிறுத்தித் தேட வைக்கிறவன் நான். முதல் கீறலுக்கு மட்டும் கை தயங்கியது. பிறகு தயங்கவில்லை.

பிளந்த இடம் வழியாக அவளை வெளியே கொண்டுவந்தோம். உதடு நீலம் பாரித்திருந்தது. எல்லோரும் அவளைச் சமையல் கொட்டகைக்குத் தூக்கினார்கள். தகரக் கூரை, நனையாத இடம், அடுப்புச் சூடு. பார்த்தால் அதுதான் சரியென்று படும். ஆனால் அங்கே ஈர விறகு எரிந்துகொண்டிருந்தது. புகை மண்டிக் கிடந்தது.

நான் வேண்டாம் என்றேன். திறந்த வெளியில் நாற்காலி போட்டு, நிமிர்ந்து உட்கார வைத்து, முன்னால் ஒரு மேசையைப் போட்டு அதன்மேல் கைகளை ஊன்றிக்கொள்ளச் செய்தேன். தலைக்கு மேலே குடை.

"பொண்ண மழையில உக்கார வெக்கறீங்களே சார், இன்னா மனுசன் நீங்க?" என்றார் கன்னியப்பன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். என் தம்பிக்குச் சின்ன வயதில் இழுப்பு உண்டு. படுக்க வைத்தால் மூச்சு முட்டும், புகை பட்டால் பூட்டிக்கொள்ளும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவசர நேரத்தில் நம்மைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே திசையில் ஓடுவார்கள். அந்தத் திசையில் என்ன எரிகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஓடுங்கள்.

எஸ்தர் பேச முடியாமல் பென்சில் பெட்டியைக் கைகாட்டினாள். பென்சில்களுக்கு அடியில் இன்ஹேலர் இருந்தது. இரண்டு தடவை உறிஞ்சினாள். அதோடு அது தீர்ந்துவிட்டது. ஜீப் இல்லை, எங்கள் தள இயக்குநர் அதில் சென்னைக்குப் போயிருந்தார். நல்ல இளைஞர், அன்றைக்கு அங்கே ஏதோ கூட்டம். முனிரத்தினம் நெடுஞ்சாலைக்கு ஓடி, நடுச்சாலையில் நின்று, ஒரு பால் வேனை மறித்துக் கொண்டுவந்தார். எஸ்தரை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்து விட்டு, நான் பின்னால் பால் கேன்களுக்கு நடுவே நின்றுகொண்டே காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்குப் போனேன்.

எட்டு மணிக்கு அவள் உதட்டில் நிறம் வந்தது. நெபுலைசரின் முகமூடியை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இழுப்பு இருக்குதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா இன்னா சார் பண்ணியிருப்பீங்க?"

வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

"இதுக்கு முன்னாடி ஒரு முகாம்ல இப்டிதான் ஆச்சு. ரெஸ்ட் எடுத்துக்கோம்மான்னு ரொம்ப நல்ல மாதிரியாதான் சொல்லி அனுப்பனாங்க. திரும்பக் கூப்புட ரெண்டு வருஷம் ஆச்சு சார். அந்த ரெண்டு வருஷமும் செய்யாத்துல கல்யாணப் பத்திரிக்கைக்குப் புள்ளையார் வரைஞ்சுக்கினு இருந்தேன். எங்க சர்ச்சுல இருக்கறவங்க யாரும் இவ்ளோ புள்ளையார் பாத்திருக்க மாட்டாங்க."

சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்தது. இருமல் அடங்கிய பிறகு சொன்னாள்: "கெழக்குச் செவுரு பாதியில நிக்குது சார். நான் இல்லன்னா போட்டோ புடிச்சிட்டு மூடிடுவாங்க. நடுவுல ஒரு சாம்பல் கோடு ஓடுது, நூலு மாதிரி. அது போட்டோல விழாது."

வெளியே வந்து தள இயக்குநருக்குத் தொலைபேசினேன். பதறிப்போனார். முழுச் சம்பளத்தோடு அந்தப் பெண்ணை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், சுவரைப் படம் பிடித்துக்கொள்ளலாம், உயிரைவிட வரைபடம் பெரிதா என்றார். அவர் சொன்னதில் அக்கறை இருந்தது. ஒரு வார்த்தையும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் சரி சார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடம் முன்பும் இதே மாதிரி ஒரு நல்ல மனிதர்தான் அவளை அனுப்பியிருப்பார்.

"இப்ப அனுப்பினா, கூடாரம் சரியாத்தான் இருந்துது, பொண்ணுதான் சரியில்லைன்னு ஆயிடும் சார்" என்றேன்.

"அப்ப நீங்க பொறுப்பா?" என்று கேட்டார்.

"கூடாரம் என் பொறுப்புதானே சார்."

சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் நான்கு நாள் ஓய்வு என்றார். எஸ்தரை என் வீட்டில் விட்டேன். என் மனைவி அவளைப் பார்த்ததும் செய்த முதல் காரியம், வீட்டிலிருந்த கொசுவத்தியை எல்லாம் எடுத்துத் தெருவில் போட்டது. பிறகு நான் முகாமுக்குத் திரும்பினேன். நான்கு நாள். அதற்குள் அந்தப் பெண் மூச்சுவிடக்கூடிய ஒரு கூடாரம் வேண்டும். இல்லையென்றால் அவள் செய்யாற்றுக்குப் போக வேண்டியதுதான்.

நான் போனபோது முனிரத்தினம் நான்காம் எண்ணின் பிளவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கித்தானின் உட்பக்கத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கறுப்போடு சேர்ந்து, காய்ந்த பருக்கை போல ஏதோ செதில் செதிலாக விழுந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"நாம போட்ட சோத்ததான் சார் தின்னுக்கினு இருக்குது."

பாவில் போடுகிற கஞ்சியும் அதே கஞ்சிதான். ஆனால் பாவு வெயிலில் காய்ந்து, தறிக்குப் போய், புடவையாகி வெளியே போய்விடுகிறது. மழை பிடித்தால் பாவு தோய்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். கூடாரமோ மழையிலேயே நிற்கிறது. அவருக்குத் தெரிந்த தொழிலில் இந்தக் கேள்வி எழவே எழாது. எனக்கும் எழவில்லை. இரண்டு பேருமே காஞ்சிபுரம்.

அவர் மிகவும் உடைந்துபோயிருந்தார். நான் அவரைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. எனக்கு வேறொரு கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது. கஞ்சி ஏழு கூடாரங்களுக்கும் போட்டோம். மழை ஏழின்மீதும்தான் பெய்தது. மற்ற ஆறிலும் புள்ளிகள்தான் இருந்தன. நான்காம் எண்ணின் உட்பக்கம் மட்டும் கம்பளி போர்த்தியது போலக் கறுத்துக் கிடந்தது. ஏன்? கூடாரம் கூடாரமாகப் போய் மோந்து பார்த்தேன். ஆண்கள் கூடாரங்களில் யாராவது வெளியே போகும்போதும் வரும்போதும் கதவு விரியத் திறந்து கிடந்தது. பெண்கள் கூடாரம் பகலிலும் கட்டியே இருந்தது. காற்று வரும் மேல் ஜன்னலைக்கூட ஊசி நூலால் தைத்து மூடியிருந்தார்கள்.

தனலட்சுமியிடம் போனேன். மழைக்குப் பயந்து இப்படி மூடக் கூடாதும்மா, சாரல் அடித்தாலும் பரவாயில்லை, திறந்து வைக்க வேண்டும் என்று பெரிதாக விளக்கத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நாங்க மழைக்கு மூடல சார்" என்றாள். "தண்ணித் தொட்டி எங்க வாசலுக்கு எதுத்தாப்புல இருக்குது. காலையில நாலு மணியில இருந்து பதினஞ்சு ஆம்பளைங்களும் அங்கதான் வரிசையா நின்னுக்கினு பல்லு வெளக்கறாங்க, குளிக்கறாங்க. நீங்களுந்தான் சார்."

தொட்டியை அங்கே வைத்தவன் நான். லாரி அங்கே வரை வரும், தண்ணீர் நிரப்ப வசதி என்று வைத்தேன். கூடாரங்களை அதற்கு முன்பே எண் போட்டு அடித்தாகிவிட்டது. எல்லாம் வரைபடத்தில் சரியாகத்தான் இருந்தது.

அன்று பிற்பகலே முகாமில் இருந்த ஆண்கள் எல்லோரும் சேர்ந்து தொட்டியைக் காலி செய்து, உருட்டிக்கொண்டுபோய் முகாமின் மறுகோடியில் வைத்தோம். வழியெல்லாம் சேறு, இரண்டு தடவை கவிழ்ந்தது. இந்த வயசுல சார நம்பி கோயில் தேர் இழுக்கலாம் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். யாரென்று தெரியும், பெயர் எழுத மாட்டேன்.

புதன்கிழமை மழை விட்டது. ஏழு கூடாரங்களையும் அவிழ்த்து ஏரிக்குக் கொண்டுபோனோம். தள இயக்குநரும் சென்னையிலிருந்து வந்து, பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தேய்க்கத் தேய்க்கக் கஞ்சி பாலாகப் பிரிந்து வந்தது. சின்னச் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்தன.

"எல்லாருக்கும் என் சமையல் புடிக்குது சார், உங்களத் தவிர" என்றார் கன்னியப்பன்.

கரையில் எருமை ஓட்டிக்கொண்டு போனவர் நின்று வெகுநேரம் பார்த்தார். "யார் வூட்டு வேட்டிபா இது, இவ்ளோ பெருசா இருக்குது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார். வியாழக்கிழமை காற்றடித்தது, வெயிலும் விட்டு விட்டு அடித்தது. கரைச்சரிவு முழுக்கக் கித்தானை விரித்துப்போட்டு, கல் வைத்து, காவல் காத்தோம். மேகம் கறுத்தால் பதினைந்து பேரும் ஓடிப்போய்ச் சுருட்டுவோம், வெளுத்தால் விரிப்போம். அகழாய்வு அந்த இரண்டு நாளும் நின்றது. என் முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளைத் திரும்பக் கொடுக்கிறேன், எது வேண்டும் என்று கேட்டால் அந்த வியாழக்கிழமையைத்தான் கேட்பேன்.

திரும்பக் கூடாரம் அடித்தபோது சுவரின் அடியில் மண் அணைக்கவில்லை. ஒரு சாண் தூக்கிவிட்டு, சுற்றிலும் வாய்க்கால் வெட்டினோம். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தோம். ஈரத் துணிக்குத் தனியாக ஒரு தகரக் கொட்டகை போட்டோம். படுக்கையைத் தினமும் காலையில் புரட்டிப் போடாதவருக்கு டீ கிடையாது என்று கன்னியப்பன் சட்டம் போட்டார். நான்காம் எண்ணில் நான் அறுத்த இடத்தைத் தைக்கவில்லை. மேல் ஜன்னலின் தையலைப் பிரித்தோம். முனிரத்தினம் காஞ்சிபுரத்திலிருந்து மூங்கில் தட்டிகள் வாங்கிவந்து, கூடாரத்திலிருந்து இரண்டு கை தூரம் தள்ளி நான்கு பக்கமும் வேலி போல நட்டார். காற்று உள்ளே போகும்; கண் போகாது.

வெள்ளிக்கிழமை மாலை எஸ்தர் வந்தாள். பையைக் கீழே வைக்காமலே பிளவு வழியாக உள்ளே போனாள். நாங்கள் வெளியே நின்றோம். முனிரத்தினம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். உள்ளே அவள் இழுத்து இழுத்து மோந்து பார்ப்பது கேட்டது. வெளியே வந்து, முனிரத்தினத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏரித் தண்ணி வாசனைதான் வருதுண்ணா. இதுல படுக்கலாம்."

இருபத்தேழாம் தேதி கிழக்குச் சுவர் முடிந்தது. சாம்பல் கோடு அதில் இருக்கிறது. முப்பதாம் தேதி சாலை போடுகிற இயந்திரங்கள் வந்தன.

இனி, இந்தக் கதையில் உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற பகுதி. முகாம் முடிந்து கூடாரங்களைக் கிடங்கில் திருப்பிக் கொடுத்தபோது, அங்கிருந்த எழுத்தர் நான்காம் எண்ணின் பிளவைப் பார்த்தார். என்னை வெகுநாளாகத் தெரிந்தவர். ஓய்வுபெறப்போகிற மனிதன் என்று இரக்கம். காத்துல கிழிஞ்சுதுன்னு எழுதிடுங்க சார், மழைக்கால முகாம்ல எல்லாரும் அப்டிதான் எழுதறாங்க, ஒரு பைசா பிடிக்க மாட்டாங்க என்றார். பேனாவையும் நீட்டினார்.

வாங்கி எழுதியிருப்பேன். ஆனால் அதே மேசையில் எஸ்தரின் வருகைப் பதிவும் கிடந்தது. அதில் ஐந்து நாள் இல்லை. காரணம் எழுத வேண்டும். காற்றுதான் கூடாரத்தைக் கிழித்தது என்றால், கூடாரத்தில் வேறு குறையில்லை. கூடாரத்தில் குறையில்லை என்றால், அவள் ஏன் மருத்துவமனைக்குப் போனாள்? உடல்நலக் குறைவு என்று ஆகும். முகாம் வாழ்க்கைக்கு ஒத்துவராதவர் என்று அடுத்து யாராவது ஒரு நல்ல மனிதர் அக்கறையோடு சேர்த்து எழுதுவார். பிறகு மறுபடியும் பிள்ளையார். இரண்டு காரணங்களில் ஒன்றைத்தான் எழுத முடியும். ஒன்று அவளுடையது, மற்றது என்னுடையது.

கூடாரத்துக்கு அரிசிக் கஞ்சி போட்டதாலும், தண்ணீர்த் தொட்டியைத் தவறான இடத்தில் வைத்ததாலும் உள்ளே பூஞ்சை பிடித்தது. அதனால் பணியாளருக்கு மூச்சு அடைத்தது. கண்காணிப்பாளர் கத்தியால் அறுத்து வெளியே எடுத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் படித்துவிட்டு, கத்தி என்ற சொல்லையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். கத்தி இல்லாமல் எப்படி அறுத்தேன் என்று கேட்பார்களே என்றேன்.

அடுத்த தை மாதமே எஸ்தரை வேறொரு முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு ஒரு வருடம்கூடக் கூப்பிடாமல் இருந்ததில்லை. உங்களில் சிலர் அவளிடம்தான் வரைபடம் கற்றுக்கொள்கிறீர்கள்.

அந்தக் கூடாரம் பதினான்கு வருடப் பழசு. அறுத்தது பின் சுவரை மட்டும்தான். முழுக் கூடாரத்துக்கும் விலை போட்டார்கள். தேய்மானம் கழிக்கவில்லை. நல்ல நிலையில் நான் திருப்பிக் கொடுத்த இருபத்தெட்டு முளைகளுக்கும் சேர்த்துப் பிடித்தார்கள். இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. ஓய்வுபெற்ற அன்று என் பணிக்கொடையில் கழித்தது எட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.